நீர்ச்சுவருக்கு வெளியே ஓர் இடம்

அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதையைச் சொன்ன இடத்திலெல்லாம் பாதியிலேயே யாராவது குறுக்கிட்டு, "இதிலே யோசிக்க என்ன இருக்கு, வயசானவர் போகட்டுமே" என்று முடித்துவைக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முழுவதும் கேளுங்கள், பிறகு யாருக்கு வேண்டுமானாலும் பரிந்து பேசுங்கள்.

நிலவின் தென்முனையில் நான்கு பேர் குடியேறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்திலேயே பனிக்கட்டி கிடக்கும் பள்ளம், மேலே ஏறக்குறைய எப்போதும் வெயில் படும் மேடு. இடம் பார்த்துத்தான் இறக்கியிருந்தார்கள். அங்கே கால் ஊன்றிவிட்டால் பனியிலிருந்து நீரும் காற்றும் எரிபொருளும் எடுக்கலாம், இன்னும் தொலைவில் இருக்கும் கோள்களுக்கு அங்கிருந்தே புறப்படலாம் என்பது பூமியில் இருந்தவர்களின் கணக்கு. கணக்கில் தப்பில்லை, பனியை உருக்கும் இயந்திரம்தான் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் நிலவுக்குக் காற்று என்ற போர்வை கிடையாது. சூரியன் சீறிவிட்டால் அந்தக் கதிர்கள் நேரே ஆள்மேல்தான் விழும்.

அதற்காகவே குடியிருப்பின் நடுவில் ஒரு சிறிய அறை. அதைச் சுற்றி இரட்டைத் தகடு, இரண்டு தகட்டுக்கும் நடுவே நீர். அந்த நீர்தான் கதிர்களைத் தடுக்கும் சுவர்.

நால்வரையும் சொல்லிவிடுகிறேன். தலைவி நாச்சியார், வயது முப்பத்தைந்து. திரும்பிப் போகும் கலத்தை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மருத்துவர் ஹபிபுல்லா, அறுபத்திரண்டு. பயிர் வளர்க்கும் யேசுவடியான், நாற்பது. அந்தப் பயிர்தான் பாதிச் சாப்பாடு. காற்று இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அனுசுயா, இருபத்தொன்பது. புறப்படும் முன் செய்த சோதனையில் தெரியாமல் போன ஒன்று அவளுக்கு வந்த பிறகு தெரிந்தது: வயிற்றில் பிள்ளை. அவர்கள் திரும்பிப் போக வேண்டிய அந்தக் கலம் ஆளில்லாமல் வந்து சேர இன்னும் நான்கு மாதம்.

நிலவில் நெல் விளையுமா என்று பூமி தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தது. யேசுவடியான் சுவரில் இருந்த நீரில் ஒரு பங்கை எடுத்துச் சேறாக்கி நாற்று நட்டான். நாச்சியார் சம்மதித்தாள். மருத்துவர் மட்டும் வேண்டாம் என்றார். மற்றவர்கள் அந்த நீரைச் சேமிப்பு என்று நினைத்துவிட்டார்கள். நாற்று பச்சைப்பசேல் என்று நின்றபோது நான்கு பேருமே கண்கலங்கினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாற்று நட்ட இருபதாம் நாள் எச்சரிக்கை மணி அடித்தது. சூரியப் புயல், நாற்பது நிமிடத்தில் வரும், ஒன்பது மணி நேரம் நிற்கும். சேற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்க நான்கு நாளாவது வேண்டும். இருக்கிற நீரை ஒரு மூலையைச் சுற்றித் திருப்பிவிட்டார்கள். அந்த மூலையில் நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேர். நாலாவது ஆளுக்கு வெளியே வெறும் தகடுதான்.

"ஒன்பது மணி நேரமும் ஒரே உடம்பு வாங்கினா ரத்தம் செத்துடும். ஒரு மாசம் தாங்கினாலே அதிகம்" என்றார் மருத்துவர். "அதுல மூணுல ஒரு பங்குன்னா இப்போதைக்கு ஒண்ணும் தெரியாது. என்னிக்கோ ஒருநாள் புற்றுநோயா வரலாம், வராமலும் போகலாம்."

அனுசுயா உள்ளேதான் இருக்க வேண்டும். அதில் யாருக்கும் பேச்சில்லை. மற்ற மூவரும் நான் நீ என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"தண்ணிய எடுத்தது நான். நான்தான் வெளிய இருக்கணும்" என்றான் யேசுவடியான்.

"எடுக்கச் சொன்னது நான். தலைவின்னு எதுக்கு ஒருத்தி?" என்றாள் நாச்சியார்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான் வாழ்ந்து முடிச்சவன். இருக்கிறது கொஞ்ச காலம், அது போனாப் போகுது" என்றார் மருத்துவர்.

உள்ளே இருந்து அனுசுயா சொன்னாள்: "மூணு பேரும் மாறி மாறி இருங்க சார். கடிகாரத்தப் பாக்காதீங்க, புயல் ஒரே மாதிரி அடிக்காது. சட்டையில இருக்கிற கதிர் அளக்கிற மானியப் பாருங்க. மூணுல ஒரு பங்கு ஏறினதும் உள்ள வந்துடுங்க, அடுத்த ஆள் போகட்டும்."

மருத்துவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒருத்தனோட போறத மூணு பேருக்குப் பங்கு வைக்கச் சொல்றியாம்மா? நாச்சியாருக்கு நாளைக்கு ஒரு குழந்தை வேணாமா?"

"பங்குல உனக்கு இல்லையே, சுளுவா சொல்லிட்ட" என்றான் யேசுவடியான். சொன்ன கணமே தலையைக் குனிந்துகொண்டான். புயலுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

இப்போது உங்களைக் கேட்கிறேன்: இந்த நால்வரில் யார் சொன்னது சரி? தனக்குப் பங்கில்லாத ஒன்றைப் பங்குவைக்க அனுசுயாவுக்கு உரிமை உண்டா?

விடை: அனுசுயா சொன்னதே சரி. மற்ற மூவரும் குற்றம் யாருடையது, வயது யாருக்கு அதிகம் என்று பார்த்தார்கள். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் விழுந்தால் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க ஆளில்லை. பயிர்க்காரன் விழுந்தால் நான்கு மாதத்துக்குப் பாதிச் சாப்பாடு இல்லை. தலைவி விழுந்தால் வீடு திரும்ப வழியில்லை. யாராவது ஒருவர் செத்தாலும் அங்கே எல்லோரும் செத்த மாதிரிதான். உரிமையைக் கேட்டால், வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்குப் பழியே வந்திருக்காது. தெரிந்துதான் சொன்னாள். மூவரும் அவள் சொன்னபடியே செய்தார்கள், நால்வரும் ஊர் வந்து சேர்ந்தார்கள், பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த மூவருக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாளில் அனுசுயா ஒவ்வொருவருக்கும் போன் செய்கிறாள். மூன்றாவது ஆளும் எடுத்து "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லும்வரை அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.