கடைசிக் குடம் நிறையும் வரை

“இருபத்திரண்டு பக்கத்த ஒரே பக்கத்துல எப்படி மேடம் அடக்கறது?”

கேட்டவர் இருதயராஜ். வயது ஐம்பத்து நான்கு. வடசென்னையில் இருபத்தாறு வருஷமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்.

பதில் சொல்ல வேண்டியவர் மங்கையர்க்கரசி. வயது முப்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்குச் சமூகவியல் அறிமுகம் நடத்துகிறார். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல வகுப்பில் யாருக்கும் பொறுமை கிடையாது. அரசி மேடம், அவ்வளவுதான்.

“உங்க லாரி எத்தனை லிட்டர் பிடிக்கும் அண்ணா?”

“ஒம்பதாயிரம்.”

“ஒரு குடம்?”

“பதினஞ்சு.”

“குடத்துல பிடிச்சுட்டுப் போறவங்க யாராவது, இது லாரித் தண்ணி இல்லன்னு சண்டைக்கு வந்திருக்காங்களா?”

இருதயராஜ் யோசித்தார். இருபத்தாறு வருஷத்தில் எல்லாச் சண்டையும் பார்த்தாயிற்று. இந்தச் சண்டையைப் பார்த்ததில்லை.

“இல்ல மேடம்.”

“அப்ப எழுதிட்டு வாங்க.”

அவருக்கு இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் இரண்டு வட்டு தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் ஓட்டினால் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீரேற்று நிலையத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்குப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு எல்லாத் தாளும் முடிந்து, ஒரே ஒரு அரியர் பாக்கி. அது முதலாண்டுத் தாள், சமூகவியல் அறிமுகம்.

அந்தத் தாள் எழுத வேண்டுமென்றால் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, சுருக்கி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று ஞாயிறு கெடு. தவறினால் அடுத்த வருஷம். அடுத்த வருஷத்துக்கு முதுகு தாங்குமா என்பது முதுகுக்கே தெரியாது.

கட்டுரையை மேடமே தேடிக் கொடுத்திருந்தார். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களின் வரிசையைப் பற்றியது. எழுதியவர் தாஹிரா என்ற ஆய்வாளர்.

தெரிந்த விஷயம், சுலபமாக முடிந்துவிடும் என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டார். மேடம் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

●

முதல் ஞாயிறு ஒரு பக்கம் கொண்டுவந்தார். கையெழுத்து கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

அரசி மேடம் நான்கு வரி படித்தார். தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“பார்க்காம சொல்லுங்க.”

“இன்னாது மேடம்?”

“இதுல என்ன எழுதியிருக்கீங்கன்னு.”

இருதயராஜ் வாயைத் திறந்தார். மூடினார். கூரையைப் பார்த்தார். கூரையிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மேடம் கட்டுரையின் முதல் பக்கத்தைக் காட்டினார். தலைப்புக்குக் கீழே ‘ஆய்வுச் சுருக்கம்’ என்று ஒரு பத்தி, கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

“இது அவங்களே பிடிச்சு வெச்ச குடம். நீங்க இன்னும் பிடிக்கவே இல்ல.”

“தப்பா மேடம்?”

“தூக்கிட்டு வந்துட்டீங்க அண்ணா.”

●

இரண்டாம் ஞாயிறு, நடையிலேயே கோபம் தெரிந்தது.

“இந்தம்மா எழுதிக்கறது தப்பு மேடம்.”

“எது?”

“எல்லாமே. லைன் எப்படி நிக்குதுன்னு இவங்களுக்கு இன்னா தெரியும்? வண்டி தெருவுல நொழஞ்சதும் ரெண்டு ஹாரன் அடிப்பேன். கப்சிப்னு கொடம் எல்லாம் லைன்ல நிக்கும். அந்த ஹாரன் இல்லன்னா மண்ட ஒடையும். இதப் பத்தி ஒரு வார்த்த இல்ல.”

“முழுசாப் படிச்சீங்களா?”

“ரெண்டு தடவ.”

அவர் தேடியது ஹாரனை. ஆறாம் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் இருந்தது, அதுவும் லாரி வந்ததற்கு அடையாளமாக. மிச்சப் பக்கங்களில் ஹாரன் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு மூடிவிட்டார். அதைத்தான் இரண்டு தடவை செய்திருந்தார்.

அரசி மேடம் பென்சிலை எடுத்தார். தாளைப் படித்துக்கொண்டே வந்தார். கட்டுரையில் இல்லாத வாக்கியத்தை மட்டும் அடித்தார்.

முதல் வாக்கியம் போயிற்று. இரண்டாவது போயிற்று. பென்சில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் தாளில் மிஞ்சியது கட்டுரையின் தலைப்பும் தாஹிராவின் பெயரும்.

“இருபத்தாறு வருஷ அனுபவம் மேடம் அது,” என்றார் இருதயராஜ். குரல் இறங்கியிருந்தது.

“தெரியும் அண்ணா. அதனாலதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு.”

மேடம் எழுந்து போய், பின்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவருக்கு எதிரே போட்டார்.

“அடுத்த ஞாயிறு இதுல தாஹிரா உட்கார்ந்திருப்பாங்க.”

“நேர்லயே வர்றாங்களா?”

“இல்ல. நாற்காலி காலியாத்தான் இருக்கும். அவங்க என்ன சொன்னாங்கன்னு அவங்ககிட்டயே நீங்க சொல்லணும். ஆமா, நான் இதத்தான் சொன்னேன்னு அவங்க தலையாட்டினா, நான் கையெழுத்துப் போடறேன்.”

“காலி நாற்காலி எப்படி மேடம் தலையாட்டும்?”

மேடம் அதற்குள் அடுத்தவருடைய தாளைக் கையில் எடுத்துவிட்டார்.

●

நீரேற்று நிலையத்தில் லாரி நிரம்ப முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். மற்ற ஓட்டுநர்கள் டீ குடிக்கப் போவார்கள். அந்த வாரம் இருதயராஜ் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்தார், கட்டுரையோடு.

திங்கட்கிழமை நான்கு பக்கம். தாஹிரா கேட்ட கேள்வி புரிந்தது. தண்ணீருக்குத் தெருவெல்லாம் சண்டை நடக்கும்போது, ஒரு தெருவில் மட்டும் ஏன் நடப்பதில்லை?

செவ்வாய்க்கிழமை, எப்படித் தேடினார் என்பது. இரண்டு தெரு, மூன்று மாதம், அறுபத்து நான்கு வீடு. தினமும் நின்று பார்த்திருக்கிறார். ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் நகப்பூச்சால் எழுதியிருந்த எழுத்தைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார். யாராவது வீட்டில் சாவு விழுந்தால், குழந்தை பிறந்தால், அந்த வீட்டுக் குடத்தை மற்ற பெண்கள் பேசாமல் தூக்கி முன்னால் வைத்துவிடுவார்களாம்.

‘ரீல்,’ என்று நினைத்தார் இருதயராஜ். தன் கண்ணில் படாமலா?

பென்சில் ஞாபகம் வந்தது. நினைத்ததைத் தானே அடித்துக்கொண்டார்.

புதன்கிழமை பதினோராம் பக்கத்தில் அவருடைய லுங்கி இருந்தது.

‘நீர் சிதறாமலிருக்க, ஓட்டுநர் குழாயின் வாயில் நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்.’

இருதயராஜ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். குழாயில் லுங்கி தொங்கிக்கொண்டிருந்தது. அது போன வருஷத்து லுங்கி. ஆனால் அப்படிச் சுற்றுகிற ஆள் அவரைத் தவிர வேறு யாருமில்லை.

கட்டுரையில் அவருடைய தெருவுக்கு மல்லிகைத் தெரு என்று பெயர் மாற்றியிருந்தார்கள். லுங்கியை மாற்றவில்லை.

அன்று அவர் அந்தத் தெருவுக்குள் ஹாரன் அடிக்காமல் நுழைந்தார்.

குடங்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றன.

லுங்கியைக் கட்டும்போது கவனித்தார். ஏழாவதாக நின்ற ஒரு பச்சைக் குடத்தை ஒரு பெண் தூக்கிக்கொண்டு போய் முதலில் வைத்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது இன்னாம்மா, அந்தக் கொடம் முன்னாடி போச்சு?”

“தேன்மொழிக்குக் கொழந்த பொறந்துக்குது அண்ணே.”

“எப்பவும் இப்படித்தானா?”

“இன்னா அண்ணே புச்சா கேக்கற? இத்தினி வருசமா வர்ற, தெரியாதா?”

தெரியாது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

●

வியாழக்கிழமை பதினான்காம் பக்கம்.

பக்கத்துத் தெரு குறுகல். எதிரே வண்டி வந்தால் லாரியைப் பாதியில் எடுத்தாக வேண்டும். அதனால் அங்கே முதல் குடத்துக்கே அடிதடி. மல்லிகைத் தெருவில் ஏன் இல்லை என்று தாஹிரா பெண்களிடம் கேட்டிருக்கிறார். ஒரு பெண் சொன்னதை அப்படியே போட்டிருந்தார்.

‘கடேசிக் கொடம் ரொம்பாம அந்த அண்ணன் வண்டிய எடுக்க மாட்டாரு. அப்புறம் இன்னாத்துக்கு அடிச்சிக்கணும்?’

இருதயராஜ் அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். தினமும் அந்தப் பெண்கள் அவரைத் திட்டுகிறார்கள். லேட்டு என்று, தண்ணீர் கலங்கல் என்று, ஹாரன் காதைக் கிழிக்கிறது என்று. இதை மட்டும் அவரிடம் யாரும் சொன்னதில்லை. யாரோ ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தொட்டி நிரம்பி வழிந்ததைப் பின்னால் நின்ற வண்டிக்காரர் கத்திய பிறகுதான் கவனித்தார்.

வெள்ளிக்கிழமை மிச்சப் பக்கங்கள்.

இருபத்தோராம் பக்கத்தில் தாஹிரா தனக்குத் தெரியாததைச் சொல்லியிருந்தார். ‘ஓட்டுநர் ஏன் கடைசிக் குடம் வரை நிற்கிறார் என்பதை இந்த ஆய்வால் அறிய முடியவில்லை. மூன்று முறை அணுகியும், தமக்கு நேரமில்லை என்று அவர் பேச மறுத்துவிட்டார்.’

அப்போது நினைவு வந்தது. ஐந்து வருஷம் இருக்கும். கையில் நோட்டோடு ஒரு பெண். ‘அண்ணா, ரெண்டே நிமிஷம்.’ அவர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. ‘நேரமில்ல, போம்மா. வேலையக் கெடுக்காத.’ மூன்று தடவையும் அதையேதான் சொன்னார்.

கடைசிப் பக்கத்தில் நன்றியுரை. வழிகாட்டி, நூலகர், அறுபத்து நான்கு வீடு. எல்லாருக்கும் பிறகு ஒரு வாக்கியம்.

‘என்னோடு பேச நேரமில்லாதபோதும், நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து, தினமும் நிழல் என்மேல் விழும்படி லாரியைச் சற்றுப் பின்னால் நகர்த்தி நிறுத்திய பெயர் தெரியாத அந்த ஓட்டுநருக்கு.’

அதை அவர் மறந்தே போயிருந்தார்.

●

மூன்றாம் ஞாயிறு. நாற்காலி எதிரே கிடந்தது.

இருதயராஜ் தாளை மேசைமேல் வைத்தார். நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

“ஒரு தெருவுல தண்ணிக்குச் சண்ட வர்றதில்ல, ஏன்னு நீ கேட்ட. ரெண்டு தெருவுல மூணு மாசம் நின்னு பாத்த, அறுபத்து நாலு வூட்ல பேசின. வண்டி வர்றதுக்கு முன்னாடியே லைன் இருக்குது, யாரும் அதட்டறதில்ல, கஷ்டத்துல இருக்கிற வூட்டுக் கொடத்த அவங்களே முன்னாடி வெச்சிடறாங்கன்னு கண்டுபுடிச்ச. நமக்கும் கெடைக்கும்னு நம்பிக்க இருந்தா மனுசங்க அடிச்சிக்க மாட்டாங்கன்னு சொல்ற.”

நிறுத்தினார்.

“டிரைவர் ஏன் கடேசி வரைக்கும் நிக்கறாருன்னு உனக்குத் தெரியல. கேட்ட. அவன் சொல்லல.”

“அவர் ஏன் நிக்கறார் அண்ணா?” என்று கேட்டார் அரசி மேடம்.

“அது கட்டுரையில இல்ல மேடம்.”

அரசி மேடம் பேனாவை எடுத்தார். தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

“ரொம்ப நன்றி மேடம்.”

“எனக்கா?”

மேடம் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அடியில் பொடி எழுத்தில் ஆய்வாளரின் முகவரி இருந்தது. அதற்கும் கீழே கைபேசி எண். அதன்மேல் ஒரு விரலை வைத்தார்.

இருதயராஜ் வராந்தாவுக்குப் போனார். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருந்தது.

“யாருங்க?”

“தாஹிராம்மாவா? நான் தண்ணி லாரி டிரைவர் பேசறேம்மா. மல்லிகைத் தெரு. பேரு இருதயராஜ்.”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“அன்னிக்கு நேரமில்லன்னு சொல்லிட்டேன். இப்ப இருக்குது. கேளும்மா.”