மூவர் கூடினால் திறக்கும் கடிதம்

"நான் என்ன குறை வச்சேன் டீச்சர்? அமலி ஒரு வரிகூட எழுத மாட்டேங்கா."

கேட்டவர் தேவசகாயம். வயது ஐம்பத்திரண்டு. அவருக்குக் கணினி சொல்லிக்கொடுத்த ரெஜினா டீச்சருக்கு முப்பத்தொன்று. ஆனாலும் டீச்சர் முன்னால் தேவசகாயம் எழுந்து நின்றுதான் பேசுவார்.

அமலி, புருஷனுக்குப் பயந்து இந்தப் பெண்கள் விடுதியில் வந்து ஒளிந்திருப்பவள். தனக்கு ஏதாவது ஆனால் யார் காரணம், பிள்ளையை எங்கே விட்டிருக்கிறாள் என்று அவள் எழுதிவைக்க வேண்டும். அதற்காகத்தான் தேவசகாயம் ஓர் இணையதளம் கட்டினார்.

"எழுதினதும் பூட்டிக்கிடும். சாவியை அஞ்சு துண்டாக்கி அஞ்சு பேர்கிட்ட குடுத்தாச்சு. மூணு துண்டு சேர்ந்தாத்தான் திறக்கும். அதுவும் அவ மூணு நாளா 'நலம்'னு அமுக்காம இருந்தாத்தான்."

"நல்லது அண்ணாச்சி. காலையில நானும் ஒரு கடிதம் பூட்டினேன். திறங்க."

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க!"

"அவசரம். திறங்க."

தயங்கினார். பிறகு மடிக்கணினியை இழுத்துத் தட்டினார். அரை நிமிஷம் ஆகவில்லை.

"திறந்துட்டு டீச்சர்!" முகமெல்லாம் சிரிப்பு. "அஞ்சு துண்டுக்கும் என்கிட்ட நகல் இருக்கு. மூணு நாள் பார்க்கிறதையும் நான் நிறுத்திக்கிடலாம். யாராவது துண்டைத் தொலைச்சுட்டா பாவம்லா?"

"வாசிங்க."

ஒரே வரி இருந்தது.

'அண்ணாச்சி இதை வாசித்துவிட்டால், அமலி எழுத வேண்டாம்.'

தேவசகாயம் மடிக்கணினியை மூடினார்.

"நான் நல்லவன்தானே டீச்சர்?"

"அமலி புருஷனையும் அப்படிச் சொல்லித்தான் கட்டிவச்சாங்க."

தேவசகாயம் வீட்டுக்குப் போனார். கட்டியதையெல்லாம் கலைத்தார்.

பத்தொன்பது நாள். விடிந்ததும் ஒரு ஜெபம், பிறகு வேலை. மனைவி வைத்த காப்பி தினமும் ஆறிப்போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

இந்த முறை துண்டுகள் அவர் கைக்கு வரவே இல்லை. ஐந்து பேருடைய போனிலேயே உருவாயின. அமலி நலமா என்று பார்க்கும் வேலையும் அந்தந்தப் போனுக்கே போனது.

இருபதாம் நாள் விடுதிக்கு வந்தார். துண்டு வைத்திருப்பவர்களில் மூன்று பேரை ரெஜினா டீச்சர் ஏற்கெனவே வரவழைத்திருந்தார். நர்சம்மா, வக்கீல், தேவாலயத்தில் ஜெபம் நடத்தும் உபதேசியார்.

"காலையில இன்னொரு கடிதம் பூட்டினேன். நாலு பேருமாத் திறங்க."

மூன்று பேரும் அமுக்கினார்கள். மூன்று போனும் ஒன்றுபோலச் சொல்லின: 'இவர் இன்று நலம். திறக்காது.'

"என் போன் பழசு, அதான்" என்றார் உபதேசியார்.

"என்னது புதுசு ஓய்" என்றார் வக்கீல்.

தேவசகாயம் மடிக்கணினியில் அதைத் திறக்க ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது.

"செஞ்ச எனக்கே வழி இல்ல டீச்சர்."

"நான் என்ன எழுதினேன்னு தெரியணுமா?"

"வேண்டாம்."

டீச்சர் அமலியைக் கூப்பிட்டு, கணினி முன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தேவசகாயம் எல்லோரையும் வெளியே வரச்சொன்னார். கடைசியாகத் தானும் வந்து, கதவைச் சாத்தினார்.