நிக்காத சுழி

மலையடிவாரத்துல ஒரு மடம். அதோட தலைவி தவமணியம்மாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. சிஷ்யர் வீரபுத்திரனுக்கு அறுபது தாண்டியாச்சு. லாரி ஓட்டினவர். ஒரு தடவை மலை இறக்கத்துல பிரேக் பிடிக்காம, வண்டி நிறைய வாழைத்தாரோட... சரி, அது பெரிய கதை, விடுங்க.

அன்னிக்கு அவர் காவி வாங்கற நாள். காலையிலயே போன் வந்துடுச்சு. மக செண்பகவடிவுக்கு வலி எடுத்துடுச்சாம். குழந்தைக்குக் கழுத்துல கொடி சுத்தியிருக்காம். டவுன் ஆஸ்பத்திரியில ஆப்பரேஷனாம்.

மனுஷன் கிளம்பல. "காவி வாங்கப் போறவனுக்கு மக ஏது?"ன்னு உக்காந்துட்டார். ஆனா உத்திராட்சம் உருட்டறதுல எண்ணிக்கை தப்பிக்கிட்டே இருக்கு. சர்க்கரைன்னு நெனச்சு விபூதியை அள்ளிக் காப்பியில போட்டுட்டார். குடிச்சும் முடிச்சுட்டார். அந்த மடத்துக் காப்பி எப்பவுமே கிட்டத்தட்ட அந்த ருசிதான், அது வேற விஷயம்.

"தாயே, மனசு மககிட்டயே போய் ஒட்டிக்குது. ஒட்டே இல்லாம ஆகறதுக்கு வழி சொல்லுங்க."

அம்மா அடுப்புல ஒரு சட்டி விளக்கெண்ணெய் வெச்சாங்க.

"கலக்கிவிட்டுக் கரண்டியை எடுங்க, பெரியவரே. சுழி நிக்காம சுத்திக்கிட்டே இருக்கணும். அப்படிக் காய்ச்சிட்டா இப்பவே காவி."

கலக்கினார். கரண்டியை எடுத்ததுமே நின்னுடுச்சு.

"ஏன் நிக்குது?"

"பக்கத்துல இருக்கற எண்ணெய் பிடிச்சு இழுக்குது, தாயே."

"தீயை ஏத்துங்க."

எண்ணெய் இளகித் தண்ணியாட்டம் ஆச்சு. சுழியும் கொஞ்ச நேரம் சுத்துச்சு. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் அதுவும் நின்னுடுச்சு.

வெறி பிடிச்சாப்புல விறகைத் தள்ளினார். குபுகுபுன்னு புகை. ரெண்டு பேருக்கும் கண்ணு எரியுது.

"இன்னும் ஏத்தவா தாயே?"

"ஏத்தினா எண்ணெய் இருக்காது, ஆவிதான். எண்ணெய் மாதிரி இல்ல, ஆவிக்குச் சூடு ஏற ஏற இழுப்பு கூடத்தான் செய்யும்."

"தண்ணியை வெச்சா?"

"அதுவும் நிக்கும்."

"இழுப்பே இல்லாம ஓடறது ஒண்ணுகூடவா இல்ல?"

"குறைக்கலாம், பெரியவரே. குறைச்சுக்கிட்டே போனா ஒரு இடத்துல, இதுக்கு மேல குறையாதுன்னு உலகமே சொல்லிடும். அதுக்குக் கீழ தீயாலயும் முடியாது, காவியாலயும் முடியாது."

கீழ ரோட்டுல டவுன் பஸ் ஹாரன் அடிச்சுது. அவர் கரண்டியைப் பிடிச்சபடியே நின்னார்.

"போனா ஒட்டிக்குமே, தாயே."

"ஒட்டட்டும். அடுப்பை நான் அணைக்கறேன். ஓடுங்க."