சோப்பு டப்பாவில் ஒரு நீல விளக்கு

தென்காசிக் கடைவீதியில் பேச்சித்தாய்க்குச் செல்போன் பழுதுபார்க்கும் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து, விரும்பி வருகிறவர்களுக்குச் சின்னச் சின்ன எலெக்ட்ரானிக் போர்டுகளில் வேலை சொல்லிக்கொடுப்பாள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவளிடம் படித்தவர்களில் வயதில் மூத்தவர் சிதம்பரநாதன். நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபத்தெட்டு வயது பெரியவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வருஷத்துக்கு ஒரு மாதம் குறைய, அவர் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா, கக்கத்தில் ஒரு நோட்டு.

“வாங்க அண்ணாச்சி. கடைக்கு வழி ஞாபகம் இருக்கா?”

“இருக்கு டீச்சர்.”

“டீச்சர் டீச்சர்னே சொல்லி என்னையக் கிழவி ஆக்கிருங்க.”

அவர் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு போர்டு. அவளிடம் கற்றுக்கொண்டு அவரே செய்தது. மாடித் தொட்டியின் வாயில் உட்கார்ந்து, தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று அளந்து வைஃபை வழியாகச் சொல்லும். அவர் வீட்டில் இன்டர்நெட் லைன் இல்லை. மனைவி கோமதியின் போன்தான் அதற்கு நெட்வொர்க். ஹாட்ஸ்பாட்டுக்குக் ‘கோமு வீடு’ என்று பெயர். கோமதி அடுப்படியில் நின்றபடியே போனைப் பார்ப்பாள். தொட்டி நிரம்பும் நேரத்தில் மோட்டாரை நிறுத்துவாள்.

கோமதி போய்ச் சேர்ந்தாள். அடுத்த வாரமே போனும் செத்துப்போனது. அதை இதே மேஜையில் பிரித்துப் பார்த்துக் கைவிரித்தவள் பேச்சித்தாய்தான். அன்று போனவர்தான் அவர்.

சிதம்பரநாதன் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தார். நீல விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது.

“தேடுது,” என்றார்.

“தெரியுது. இப்பம் என்ன செய்யணும்?”

“கீழ் வீட்டு ஜெசிந்தா சத்தம் போடுதா. மோட்டார் இப்பம் அவ பொறுப்புலதான், போட்டுட்டு மறந்திருதா. தொட்டி வழிஞ்சு அவ வீட்டுச் சுவரெல்லாம் ஊறிப்போச்சு. இன்னைக்குள்ள சரி பண்ணலைன்னா டப்பாவப் பிடுங்கித் தெருவுல எறிஞ்சிருவேங்கா.”

“அவங்க போன் பேரைப் புரோகிராம்ல போட்டா தீந்துச்சு. அஞ்சு நிமிஷ வேலை. உங்களுக்கே தெரியுமே.”

“தெரியும்.”

“பின்னே?”

அவர் டப்பா மூடியைத் திறந்தார். மூடினார்.

“பேரை மாத்தாம வேற போன்ல சேர்க்க முடியுமா டீச்சர்?”

“ஏன்?”

“தினமும் மாடிக்குப் போயி இது பக்கத்துல உட்காருதேன். விடாம அவளையே தேடுது. அவ பேரைச் சொல்லி இன்னமும் கூப்பிடுதது இந்த உலகத்துல இது ஒண்ணுதான். பேரை மாத்திட்டா அதுவும் நின்னுரும்.”

பேச்சித்தாய் எழுந்தாள். கடைக்குப் பின்னால் போய், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு வாளியைக் கொண்டுவந்தாள். போர்டை வாளியின் விளிம்பில் தண்ணீரைப் பார்க்க வைத்தாள். தன் போனை எடுத்தாள்.

“உங்க நோட்டைக் காட்டுங்க. புரோகிராம் எழுதின நோட்டு.”

அவர் பக்கத்தைத் திருப்பி, பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். வாசிக்கவில்லை. அவள் பார்த்துப் போனில் அடித்தாள். அடுத்த வரியை வாய்விட்டு வாசித்தாள்.

“சாப்பிடவாங்க. பாஸ்வேர்டா இது!”

“அவ போட்டது. நான் மாடியில ஒயரை முறுக்கிக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். மூணு தடவை கூப்பிடுவா.”

“மூணாவது தடவ எறங்கிருவீங்களா?”

“சோறு ஆறினப்புறம்.”

அவள் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டாள். அதே பெயர், அதே பாஸ்வேர்டு.

நீல விளக்கு இன்னும் இரண்டு முறை மின்னியது. பிறகு மின்னாமல் நின்று எரிந்தது.

சிதம்பரநாதன் எழுந்துவிட்டார். அவர் கண் கடை வாசலுக்குப் போனது. வாசலில் வெயில் மட்டும் கிடந்தது.

பேச்சித்தாய் போனை அவர் பக்கம் திருப்பினாள். தண்ணீர் 31 செ.மீ. கீழே, என்று இருந்தது. அவள் வாளியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். 28 என்றது. இன்னொரு செம்பு. 25.

“அக்கா வந்துட்டாங்களா அண்ணாச்சி?”

அவர் உட்கார்ந்தார்.

“இல்ல.”

“அப்பம் விளக்கு எதுக்கு நின்னு எரியுது?”

“பேரு பொருந்திருச்சு.”

“பொருந்தினதும் என்ன சொல்லிச்சு?”

“தண்ணி எவ்வளவுன்னு.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

அவள் ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். விளக்கு மறுபடி மின்னத் தொடங்கியது. அவர் பதறிக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

“வந்ததுல இருந்து பார்க்கேன்,” என்றாள் பேச்சித்தாய். “‘அவ, அவ’ன்னுதான் சொல்லுதீங்க. நோட்டுல விரலை வைக்கீங்க. ஒரு தடவகூட அக்கா பேரைச் சொல்லலை.”

“வாயில வரமாட்டேங்கு.”

“எத்தனை நாளா?”

“அன்னையில இருந்து.”

கடைக்கு வெளியே ஒரு ஆட்டோ நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. வாளித் தண்ணீரில் நீல வெளிச்சம் வந்து வந்து போயிற்று.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஜெசிந்தா தன் போனின் ஹாட்ஸ்பாட் பெயரையும் பாஸ்வேர்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். காலையிலேயே வாங்கி வைத்திருந்தார். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. அதன்மேல் இருந்து கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“இதைப் போட்டுட்டா, அப்புறம் அவளை யாரு டீச்சர் கூப்பிடுவா?”

பேச்சித்தாய் அவர் கைக்கு அடியிலிருந்து காகிதத்தை மெதுவாக உருவினாள்.

“கூப்பிடுத வேலைய நீங்க பாருங்க அண்ணாச்சி. இது தண்ணியப் பார்க்கட்டும்.”