ராஜா முகம் பார்த்து இரும்படித்த கதை

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் சரியாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன்.

தும்பைக்கோட்டையை ஆண்டவர் இடிமுழக்க மகாராஜா. பெயர்தான் இடி. பல்லி சொன்னால் கட்டில்மேல் ஏறி நின்றுகொள்வார். அரண்மனைச் சுவர் அத்தனையிலும் படம். படம் அத்தனையிலும் அவர்.

அங்கே படம் எழுத ஒரு சம்பிரதாயம் உண்டு. யாரை எழுதினாலும் அவர் ராஜாவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ராஜா யானைமேல் போனால், பாகன் பின்னால் திரும்பி அவரைப் பார்ப்பான். யானை எங்கே போகிறது என்பது யானையின் பாடு. வேட்டைப் படத்தில் புலிகூட அம்பைப் பார்க்காது. ராஜாவைப் பார்த்துக் கண்கலங்கும்.

அரண்மனை ஓவியர் சித்ராங்கதர் கொலுமண்டபத்தில் ஒரு புதுப்படம் எழுதினார். மகாராஜா தம் கையாலேயே குறடு பிடித்து, பழுக்கக் காய்ந்த வாளைப் பட்டறைக்கல்மேல் வைத்திருக்கிறார். எதிரே கொல்லன் சம்மட்டியை ஓங்கி நிற்கிறான். சித்ராங்கதர் ஆயுளில் கொல்லுப்பட்டறைப் பக்கம் போனவர் இல்லை. கரி பட்டால் வேட்டி கெட்டுவிடுமாம். நட்டுவனாரின் மருமகனை நிறுத்திவைத்து எழுதிவிட்டார். ஆகவே கொல்லனுக்குச் சந்தன நிறம், பட்டு வேட்டி, கழுத்தில் முத்துமாலை. சலங்கை ஒன்றுதான் பாக்கி. உலையில் கிடந்த கரி ஒவ்வொன்றும் திராட்சைப்பழம். கொல்லனின் கண்ணோ இரும்பில் இல்லை, பக்தியோடு ராஜாவின் முகத்தில்.

"ஆகா! நம் ஊர்க் கொல்லன் இவ்வளவு அழகா?" என்று ராஜா உடனே பல்லக்கில் ஏறிவிட்டார்.

நிஜமான கொல்லன் மாடக்கண்ணு ஆசாரி அப்போது ஒரு கலப்பைக் கொழுவை அடித்துக்கொண்டிருந்தார். குள்ள உருவம், தொந்தி, மூக்கு நுனிவரை கரி. கட்டியக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். ஆசாரி நிமிரவில்லை. இரும்பு ஆறிவிட்டால் என்ன செய்வது?

"யாரது வெளிச்சத்தை மறைக்கிறது? தள்ளி நில்லுப்பா!" என்றார்.

மறைத்தது மகாராஜா.

மறுநாள் சபை கூடியது. ஆசாரியை முன்னால் நிறுத்திவைத்து ராஜா கத்தினார்: "படத்தில் இருக்கிற கொல்லன் என்னை எப்படிப் பார்க்கிறான்! இவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இவன் பட்டறையை இடியுங்கள். இவனை எல்லைக்கு அப்பால் துரத்துங்கள்!"

சித்ராங்கதர் குழைந்தார். "பிரபு, நான் எழுதியதுதான் அசல். இந்த ஆள் போலி."

ஆசாரி கையைக் கூப்பினார். "சாமி, அந்த உலையை விட்டா எனக்கு வேற பிழைப்பு இல்லீங்க. புள்ளகுட்டிக்காரன்."

அப்போது எழுந்தார் சாம்பமூர்த்தி. ராஜாவோடு தினமும் சதுரங்கம் ஆடி, தினமும் ஜாக்கிரதையாகத் தோற்கிற மந்திரி அவர்.

"மகாராஜா, ஆசாரிமேல் தப்பில்லை. பாவம், கொல்லர்களைப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டுவிட்டார். படத்தைப் பார்த்துக் கற்றிருக்க வேண்டும்."

"அதுதானே!" என்றார் ராஜா.

"ஆயுதபூஜை வரை அவகாசம் கொடுங்கள். இந்தப் படத்தில் உள்ளது உள்ளபடி, இம்மியும் பிசகாமல், இதே மண்டபத்தில் நடத்திக் காட்டுகிறேன். பிசகினால் ஆசாரியோடு நானும் எல்லை தாண்டுகிறேன். ஆனால் யாரும் குறுக்கே பேசாமல் இருக்கத் தாங்கள் ஆணையிட வேண்டும்."

"உள்ளது உள்ளபடி! இது என் ஆணை!"

ஆயுதபூஜையும் வந்தது. மண்டபத்தில் உலை மூட்டியாயிற்று. சபையெல்லாம் புகை, படத்தில்தான் புகை கிடையாதே என்று சித்ராங்கதர் இருமினார். ஆசாரி பட்டு கட்டி, சந்தனம் பூசி வந்தார். முத்துமாலை தொந்தியில் ஏறி இறங்கியது. ராஜா கைதட்டிச் சிரித்தார்.

சாம்பமூர்த்தி ஒரு குறட்டோடு வந்து குனிந்து நின்றார். "வாருங்கள் மகாராஜா."

"எங்கே?"

"படத்துக்குள்."

ராஜா சுவரைப் பார்த்தார். குறடும் கையுமாக அவரேதான் நிற்கிறார். ஆணையும் அவருடையதுதான். இறங்கி வந்தார்.

"என்னய்யா குறடு இது, இத்தனை குட்டையாக? பாக்குவெட்டி மாதிரி இருக்கிறதே!"

"சித்ராங்கதர் இந்த அளவில்தான் எழுதியிருக்கிறார், பிரபு."

சிவந்த வாள் கல்மேல் ஏறியது. அதை ஒட்டினாற்போல ராஜாவின் விரல்கள். ஆசாரி சம்மட்டியை ஓங்கினார். கண்ணை அகல விரித்து, பக்தியோடு ராஜாவின் முகத்தையே பார்த்தார்.

"யோவ் ஆசாரி! இரும்பைப் பாரய்யா!"

"உத்தரவு இல்லீங்களே சாமி. முகத்தைத்தான் பார்க்கணுமாம்."

"அங்கே என் கை இருக்கிறதய்யா!"

"இருக்கட்டுங்க. ஒரு குத்துமதிப்பா அடிச்சுப் பார்க்கிறேன்."

சம்மட்டி இன்னும் கொஞ்சம் மேலே போனது. ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "சாம்பமூர்த்தி! நிறுத்தச் சொல்!"

"ஆமாம் பிரபு, நிறுத்தத்தான் வேண்டும். ஒரு பிசகு இருக்கிறது."

"என்ன பிசகு? சொல்லித் தொலை!"

"படத்தில் தாங்கள் புன்னகை செய்கிறீர்கள்."

குறடு ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம். ராஜா சிம்மாசனத்துக்குப் பின்னால். அங்கிருந்தே ஒரு சிரிப்பு கேட்டது. முதலில் நடுங்கிக்கொண்டு; அப்புறம் மண்டபமே அதிர.

"ஆசாரி, நீர் இரும்பையே பாரும் ஐயா! இனி நான் வந்தாலும் நிமிர வேண்டாம்!" என்றார் ராஜா. பட்டறைக்கு மானியமாக நல்ல நஞ்சை நிலமும், கட்டியிருந்த பட்டும் மாலையும் ஆசாரிக்கே. சாம்பமூர்த்திக்குத் தங்கக் காய் வைத்த சதுரங்கப் பலகை. சித்ராங்கதருக்கு மட்டும் ஒரு மண்டலம் ஆசாரியின் பட்டறையில் துருத்தி ஊதிவிட்டு, கரி படிந்த வேட்டியோடு வந்து படத்தைத் திருத்தி எழுத வேண்டுமென்று உத்தரவு.

ஓவியர் வாடிய முகத்தோடு கேட்டார்: "பிரபு, கொல்லன் இரும்பைப் பார்க்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன். தங்களை எந்த இடத்தில் எழுதட்டும்?"

ராஜா தம் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டி, சரிபார்த்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த சுவரில்."