பேச்சிமுத்து அண்ணாச்சியின் நினைவு நாள்

முட்டாள்கள் இல்லாத ஊர் கிடையாது. மற்ற ஊர்களில் அவர்கள் தனித்தனியாகத் திரிவார்கள். குருத்தங்குடியில் மட்டும் ஒன்றுகூடி, பதிவு எண் வாங்கி, ரப்பர் ஸ்டாம்பு செய்து, அறக்கட்டளை நடத்தினார்கள்.

தலைவர் கோமதிநாயகம் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் படிக்காமலே கையெழுத்துப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. செயலாளர் பால்வண்ணன் நன்றியுரை சொல்வதற்கென்றே பிறந்தவர். பொருளாளர் இசக்கியப்பனின் வேலை, தலைவர் சொன்னதை இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வது.

அரசு ஆஸ்பத்திரிக்குள் நோயாளிக்குச் சாப்பாடு உண்டு. கூட வந்து வராந்தாவில் கிடப்பவர்களுக்கு? அவர்களுக்காக வாசலில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே தினமும் மதியம் உலகம்மாள் சாம்பார் சாதம் ஆக்கிப் போட்டாள். அறக்கட்டளையில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அதில் மூன்று பேருக்கும் எந்தப் பங்கும் இல்லாததால் அது நன்றாகவே நடந்தது.

பணம் பெரும்பாலும் நினைவு நாள்களில் வரும். அப்பாவுக்கோ மாமியாருக்கோ நாள் வந்தால், குடும்பத்தார் அன்றைய சாப்பாட்டுச் செலவைக் கொடுத்துவிடுவார்கள். இறந்தவரின் போட்டோவை மேஜையில் வைத்து மாலை போட்டு விளக்கேற்றுவார்கள். முதல் இலையை மதில்மேல் வைப்பார்கள். காக்கா வந்து வாய் வைத்த பிறகுதான் வரிசைக்குப் பரிமாறுவார்கள்.

இப்போதெல்லாம் ஜனங்களுக்குச் செத்தவர்களின் நாள் மறந்துபோகிறது. பணம் குறைந்தது. உலகம்மாள் ஒருநாள் கரண்டியோடு கூட்டத்துக்குள் வந்துவிட்டாள்.

"தலைவரய்யா, பருப்பு, காய்கறிக்குக் காசு இந்த மாசத்தோட சரி. அதுக்கப்புறம் அடுப்புல பூனைதான் தூங்கும். வெளிய உக்காந்திருக்கிற சனத்துக்கு நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க."

தலைவர் உடனே மெட்ராசுக்கு ஆள் சொல்லிவிட்டார். தர்ம ஸ்தாபனங்களுக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்து கொடுக்கும் ஜெசிந்தா என்ற பெண் வந்தாள். பாவம், நல்ல பெண். எதிரே இருப்பது யார் என்று தெரியாமலே கேள்வி கேட்டாள்.

"சார், உங்களுக்குப் பணம் தர்ற எல்லாருக்குமே நினைவு நாள் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டும்மா. அதுல இருந்து யாரு தப்ப முடியும்?" என்றார் தலைவர்.

"யாரு தப்ப முடியும்!" என்றார் பொருளாளர்.

அவளும் அதை நம்பி, கொடையாளர் விவரப் படிவத்தில் நினைவு நாள் கட்டத்துக்கு ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டுவிட்டாள். "இதை நிரப்பலைன்னா கம்ப்யூட்டர் பேரை ஏத்துக்காது சார். எந்தக் கட்டத்தையும் காலியா விடாதீங்க. தேதி தெரியலைன்னா கொடையாளர்கிட்டயே கேட்டுடுங்க, அவங்களுக்குத்தான் சரியாத் தெரியும். நாள் நெருங்குறப்போ எல்லாருக்கும் இதுவே செய்தி அனுப்பிடும்." சொல்லிவிட்டு ரயிலேறிப் போனாள். அன்றிலிருந்து தலைவர் வாயில் டேட்டா என்ற சொல் வெற்றிலை மாதிரி ஊறிக்கொண்டே இருந்தது.

முதல் பெயரே ரைஸ்மில் பேச்சிமுத்து. மாதா மாதம் அரிசி மூட்டை அனுப்புகிறவர். அவர் யாருக்காகவும் கொடுப்பதில்லை, சும்மா கொடுப்பார். கம்ப்யூட்டர் அவரை ஏற்க மறுத்தது.

"அண்ணாச்சிக்கு நினைவு நாள் இல்லையே தலைவரே" என்றார் பால்வண்ணன்.

"இல்லாம என்னவே? இன்னும் வரல, அம்புட்டுத்தான். அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு? தெரியலைன்னா அவுககிட்டயே கேக்கச் சொல்லிச்சா இல்லையா?"

மூவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனார்கள். பேச்சிமுத்து காபி வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரு சின்ன விவரம். உங்க நினைவு நாள் என்னைக்கு?"

"எங்க ஐயாவுக்கா? அது தை மாசம்லா."

"ஐயாவுக்கு இல்ல அண்ணாச்சி. உங்களுக்கு."

பேச்சிமுத்து காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தேதி சரியா ஞாபகம் இல்லைன்னா மாசம் மட்டும் சொல்லுங்க, போதும்" என்று பால்வண்ணன் உதவி செய்தார்.

நெல் தள்ளுகிற பலகையைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி எழுந்தார். வெள்ளைச் சட்டைகள் மூன்றும் பஸ் ஸ்டாண்டு வரை நிற்காமல் ஓடின.

"விவரத்தை மறைக்காரு" என்றார் தலைவர், மூச்சு வாங்கியபடி.

"பெரிய மனுசங்க எல்லாம் இப்படித்தான். ரகசியமா வச்சிருந்து கடைசி நேரத்துலதான் சொல்லுவாக" என்றார் பால்வண்ணன்.

"அப்ப நாமளே ஒரு தேதி கொடுத்துருவோம். ஆடியில இடமில்ல, தையும் நிறைஞ்சாச்சு. ஐப்பசியில ஒரு வியாழக்கிழமை காலியா இருக்கு. நல்ல மனுசன், நல்ல நாளாக் கொடுப்போம்."

"தீபாவளிக்கு முந்தின வாரம்லா வருது? வீட்டுல பண்டிகை கொண்டாட முடியாதே தலைவரே."

தலைவர் யோசித்தார். அவர் யோசிப்பது அபூர்வம் என்பதால் மற்ற இருவரும் எழுந்து நின்றார்கள்.

"இது நினைவு நாள்தானவே? அப்படின்னா துக்கம் போன வருசமே முடிஞ்சிருக்கும்."

"போன வருசமே முடிஞ்சிருக்கும்!" என்றார் இசக்கியப்பன். பேச்சிமுத்து ஐப்பசிக்கு ஒதுக்கப்பட்டார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பிறந்தநாளுக்குப் பணம் கொடுக்கும் டீச்சருக்கு மாசி. மருந்துக்கடைக்காரருக்கும் அவர் மச்சானுக்கும், போக்குவரத்துச் செலவு மிச்சமாகட்டும் என்று அடுத்தடுத்த நாள்கள். வருஷத்தில் ஒரு நாள்கூடக் காலி இல்லை. ஊரில் பாதிப் பேரைத் தீர்த்துக் கட்டிவிட்டுத் தலைவர் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

கம்ப்யூட்டர் சொன்ன சொல் தவறவில்லை. ஐப்பசி பிறந்ததும் பட்டியலில் உள்ள அத்தனை போனுக்கும் செய்தி போனது. "அமரர் பேச்சிமுத்து அவர்களின் நினைவு நாள் வரும் வியாழன். அன்னதானம் வழங்கி அன்னாரது ஆன்மா சாந்தியடையச் செய்வீர்." அமரருக்கும் ஒன்று போனது.

விஷயம் காதுக்கு எட்டி, சங்கரன்கோவிலில் இருந்து அவருடைய சொந்தக்காரர்கள் வேன் பிடித்து, ரோஜா மாலையோடு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தவரையே கட்டிக்கொண்டு, "போன வருசமே நடந்திருக்கு, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று அழுதார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் அவரே காபி போட வேண்டியதாயிற்று. மில்லில் இருந்து வரும் அரிசி அன்றோடு நின்றது. மற்றவர்களும் தங்களுக்கு எந்தத் தேதி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அறக்கட்டளையின் எண்ணைப் போனில் இருந்தே அழித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை அடுப்பு எரியவில்லை.

"அரிசி இல்லய்யா" என்றாள் உலகம்மாள்.

"இல்லாம எப்படி? இன்னைக்கு நாள் பூர்த்தியாயிருக்கு. பச்சையா எரியுது பாரு" என்று இசக்கியப்பன் திரையைக் காட்டினார்.

"அந்தப் பச்சையை உலையில போட முடியுமா?"

வெளியே வரிசை நின்றது. முந்தின நாள் பெண்டாட்டிக்குப் பிரசவமான ஒருவன் காலித் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு நின்றான். கால் முறிந்த மகனோடு மலையில் இருந்து இறங்கி வந்த கிழவர், நிற்க முடியாமல் குந்தியிருந்தார். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதான் சொல்லி வந்தேன். அந்த வரிசையை நினைத்தால் எனக்கு அந்த மூன்று பேரையும் தூக்கிப்போட்டு மிதிக்கலாம் போலிருக்கிறது.

அதே எண்ணத்தோடுதான் பேச்சிமுத்துவும் வந்தார். கெட்ட சகுனம் கழியட்டும் என்று அவர் மனைவி காலையில் இருந்து அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கோபமும் பசியுமாக ஸ்கூட்டரை நிறுத்தியவரை உலகம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணாச்சி, அவுகளை அடிக்கணும்னா அப்புறமா ஆற அமர அடிங்க. முதல்ல அரிசிக்கு ஒரு வழி பண்ணுங்க. சனம் காலையில இருந்து நிக்குது."

அவர் வரிசையைப் பார்த்தார். மில்லுக்குப் போன் போட்டார். லோடு ஆட்டோவில் அரிசியும் பருப்பும் வந்தன, அடுப்பு எரிந்தது.

"பார்த்தீரா? செய்தி போச்சு. ஆளு வந்தாச்சு. அரிசி வந்தாச்சு. டேட்டான்னா டேட்டாதான்வே!" என்று தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆனா போட்டோ இல்லையே" என்றார் பால்வண்ணன்.

"ஆளே இருக்காருவே, போட்டோ எதுக்கு?"

"அண்ணாச்சி, செத்த இப்படி உக்காருங்க" என்று அவரை மேஜைமேல் ஏற்றினார்கள். மாலை போட்டார்கள். அரிசி கொடுத்ததற்கு மரியாதை செய்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். முன்னால் குத்துவிளக்கை ஏற்றி, சாம்பிராணி போட்டு, மூவரும் தலை குனிந்து மௌனமாக நின்றபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. இறங்கி உதைக்கலாம் என்றால் உடம்பில் தெம்பில்லை.

"உலகம்மா, எனக்கு முதல்ல ஒரு இலை போடு" என்றார்.

"அது முறையில்ல அண்ணாச்சி" என்று பால்வண்ணன் குறுக்கே விழுந்தார். "உங்க இலை மதில்மேல இருக்கு. காக்கா எடுக்கறதுக்கு முந்தி இங்க போட்டா, நீங்க ரெண்டு தடவை சாப்பிட்ட கணக்காயிடும்."

மதிலில் வந்து உட்கார்ந்த காக்கா இலையைப் பார்த்தது, சாம்பிராணிப் புகையைப் பார்த்தது, ஒதுங்கி நின்றது. மூவரும் கலங்கிப்போனார்கள். காக்கா எடுக்கவில்லை என்றால் இறந்தவருக்கு மனக்குறை என்றுதானே அர்த்தம்?

உலகம்மாள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அண்டாவை வரிசைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பரிமாற ஆரம்பித்தாள். தூக்குவாளி நிரம்பியது. கிழவர் மண்ணில் உட்கார்ந்தபடியே அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். பேச்சிமுத்து மேஜையில் இருந்தே சத்தம் கொடுத்தார்.

"ஏ உலகம்மா, இனிமே அரிசிக்கு நேரா மில்லுக்கு நீயே வந்துரு. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்த அடுப்பு அணையாது. இவனுவ மட்டும் அந்தப் பக்கம் வரக்கூடாது!"

மூவருக்கும் அது காதில் விழவில்லை. மதிலைப் பார்த்துக் கைகூப்பி நின்றிருந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு என்ன குறை? எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லுங்க. நாங்க நிறைவேத்துதோம்" என்று தலைவர் காக்காவிடம் கண்ணீர் விட்டார்.

"எனக்குப் பசிக்குதுலே!" என்று பின்னால் இருந்து பேச்சிமுத்து கத்தினார்.

தலைவர் சட்டென்று திரும்பினார். உதட்டில் விரலை வைத்தார்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்க அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு என்ன குறைன்னு கேட்டுக்கிட்டிருக்கோம்லா?"