வழக்கில் வென்ற கூழைக்கடா

கடல்நீர் வந்து வேர்களை நனைத்துவிட்டுப் போகும் ஒரு காட்டில், குழந்தைகளே, அகன்ற காயல் ஒன்று இருந்தது.

அந்தக் காட்டின் அரசனான புலி ஓர் ஆணை போட்டது: "சித்திரையிலும் வைகாசியிலும் யாரும் காயலில் இறங்கி மீன் பிடிக்கக் கூடாது."

அவை மீன்கள் முட்டையிடும் மாதங்கள். கொக்குகளும் நாரைகளும் முணுமுணுக்காமல் மேற்கே இருந்த ஏரிகளுக்குப் பறந்தன.

"நீயும் வா" என்று நாரை அழைத்தது.

"எனக்கென்ன தலையெழுத்தா? நான் வழக்குப் போடப் போகிறேன்" என்றது வாயாடிக் கூழைக்கடா.

காட்டின் நீதிபதி ஆமை. எழுத்து பிசகாமல் தீர்ப்புச் சொல்லும். காயலைக் காவல் காத்த நீர்நாயும் வந்து நின்றது.

"ஐயா, ஆணையில் 'இறங்கி' என்று இருக்கிறது. நான் எங்கே இறங்குகிறேன்? மிதக்கிறேன்!" என்றது கூழைக்கடா.

"மீன்களின் வயிற்றில் முட்டை இருக்கிறது, ஐயா. இப்போது பிடித்தால் நாளைக்கு ஒன்றும் மிஞ்சாது" என்றது நீர்நாய்.

"அது ஆணையில் எழுதியிருக்கிறதா?" என்று மடக்கியது கூழைக்கடா.

ஆமை ஆணையை மூன்று முறை படித்தது. "மிதப்பவரை இந்த ஆணை தடுக்கவில்லை. கூழைக்கடா மீன் பிடிக்கலாம்."

"வென்றுவிட்டேன்!" என்று கூவிக்கொண்டு கூழைக்கடா கரைக்குப் பறந்தது. கேட்பதற்கு அங்கே ஒரு பறவையும் இல்லை. பின்னால் வந்த நீர்நாயும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இரண்டு மாதமும் கூழைக்கடா தனியாக மிதந்தது. தொண்டைப் பை நிறைய, முட்டை சுமந்த மீன்களாக அள்ளி விழுங்கியது. பேச்சுத் துணை இல்லாததால் சில சமயம் தன் வாதத்தைத் தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டது.

மழைக்காலத்தில் பறவைகள் கூடு கட்டத் திரும்பி வந்தன. தண்ணீரைப் பார்த்தன. ஒரு மீன்குஞ்சுகூட நெளியவில்லை.

"இருங்கள், போகாதீர்கள்!" என்றது கூழைக்கடா.

"என் குஞ்சுகளுக்கு எதைக் கொடுப்பேன்?" என்றது நாரை.

"அப்படியானால் நானும் உங்களோடு வருகிறேன்."

நாரை பறக்கச் சிறகை விரித்தது. பிறகு சொன்னது: "அந்த ஏரிகளிலும் மீன்கள் முட்டையிடும், தம்பி. நீ வர வேண்டாம்."

பறவைகள் வரிசையாகப் போய் மறைந்தன.

கூழைக்கடா ஆமையிடம் ஓடியது. "ஐயா, பசிக்கிறது. பேசக்கூட ஆள் இல்லை. ஏதாவது தீர்ப்புச் சொல்லுங்கள்!"

"முன்பு சொன்ன தீர்ப்பு இன்னும் செல்லும். உன்னைத் தடுக்க யாரும் இல்லை. போய்ப் பிடித்துக்கொள்" என்றது ஆமை.

கூழைக்கடா திரும்பிப் போய், அந்தப் பெரிய காயலின் நடுவில் ஒற்றையாக மிதந்தது.

நீதி: எல்லோரையும் காக்கும் தடையைச் சொல் சாமர்த்தியத்தால் உடைப்பவர், வென்ற பிறகு தனித்து நிற்பார்.